ஆங்கிலப் பெயரடைகளில் ஈ-ஆர் எப்போது, ‘மோர்’ எப்போது: விரிவான விளக்கம்

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும்போது சில பெயரடைகளின் கடைசியில் ஈ-ஆர், ஈ-எஸ்-டி சேர்க்கிறார்கள், சிலவற்றின் முன்னால் ‘மோர்’, ‘மோஸ்ட்’ போடுகிறார்கள் (ஈ-ஆர், ‘மோர்’ வருவது ஒப்பீட்டு வடிவம்; ஈ-எஸ்-டி, ‘மோஸ்ட்’ வருவது உச்ச வடிவம்). எதற்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? பட்டியலை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

வேண்டாம். சொல்லை வாய்விட்டுச் சொல்லி அதில் எத்தனை அசை என்று எண்ணத் தெரிந்தால் பெரும்பாலான சொற்களுக்கு விடை கிடைத்துவிடும். மனப்பாடம் தேவைப்படுபவை ஒரு கைப்பிடி அளவுதான். ஆனால் வடிவம் சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியில் செய்யும் தவறுகளில் பல வாக்கியத்தில்தான் நடக்கின்றன. பள்ளிக்கூட இலக்கணப் பயிற்சிகள் பெரும்பாலும் வடிவத்தோடு நின்றுவிடுவதால் அவை கவனிக்கப்படாமலே போகின்றன. அதனால் இரண்டையும் பார்ப்போம்.

தமிழில் ஒப்பிடும்போது பெயரடை அசைவதே இல்லை. ‘இது பெரியது’, ‘அதைவிட இது பெரியது’, ‘இருப்பதிலேயே இதுதான் பெரியது’. மூன்றிலும் ‘பெரியது’ அப்படியே நிற்கிறது. ஒப்பிடும் வேலையை ‘விட’வும் ‘இருப்பதிலேயே’வும் செய்கின்றன. ஆங்கிலத்தில் பெயரடையும் மாற வேண்டும், ‘விட’ என்பதற்கு ஈடான ‘தேன்’ என்ற சொல்லும் வர வேண்டும். ‘பிக்’ என்பது ‘பிக்கர்’ ஆக வேண்டும், அதன் பின் ‘தேன்’. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும்போது ‘தேன்’ தவறாமல் வந்துவிடும். பெயரடையை மாற்றுவதுதான் விட்டுப்போகும். வியாழன் சனியைவிடப் பெரியது என்று சொல்ல ‘ஜூபிடர் இஸ் பிக் தேன் சாட்டர்ன்’ என்று வருவது அதனால்தான்.

இனி அசை. ஓர் உயிரொலி இருந்தால் ஓர் அசை. எழுத்துகளை எண்ணக் கூடாது, காதில் விழும் உயிரொலியை மட்டும் எண்ண வேண்டும். ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எட்டு எழுத்து, ஆனால் ஓர் அசைதான். ‘ஈஸி’க்கு நான்கே எழுத்து, இரண்டு அசை. ‘லார்ஜ்’ என்பதன் கடைசியில் ஈ என்ற எழுத்து இருக்கிறது, ஆனால் அது ஒலிப்பதில்லை; எனவே ஓர் அசை. ‘பியூட்டிஃபுல்’ மூன்று, ‘இன்ட்டெலிஜென்ட்’ நான்கு.

இங்கே நம் நாக்கு ஒரு தொந்தரவு செய்யும். மெய்யெழுத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லுக்கு நாம் பேச்சில் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துவிடுகிறோம்: கோல்டு, ஷார்ப்பு, ஸ்ட்ராங்கு. அப்படிச் சொல்லிக்கொண்டே எண்ணினால் ‘கோல்ட்’ இரண்டு அசையாகத் தெரியும். ‘மோர் கோல்ட்’ சரி என்று தோன்றும். அந்த உகரம் ஆங்கிலத்தில் இல்லை. அதை வெட்டிவிட்டு எண்ணிப் பாருங்கள், ஓர் அசைதான். சந்தேகம் வந்தால் சொல்லைச் சொல்லும்போது தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொள்ளுங்கள். தாடை இறங்குகிற ஒவ்வொரு தடவையும் ஓர் அசை.

ஓர் அசைச் சொல் என்றால் ஈ-ஆர், ஈ-எஸ்-டி. ‘ஷார்ட், ஷார்ட்டர், ஷார்ட்டஸ்ட்’. ‘கோல்ட், கோல்டர், கோல்டஸ்ட்’. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்க வேண்டியது எழுத்துக்கூட்டல்.

ஏற்கெனவே ஈ எழுத்தில் முடிந்தால் இன்னொரு ஈ வேண்டாம். ஆர் அல்லது எஸ்-டி மட்டும். ‘லார்ஜ்’, ‘நைஸ்’, ‘ஒயிட்’, ‘ப்ளூ’ எல்லாம் இப்படித்தான். ‘ஃப்ரீ’ என்பது இரண்டு ஈ-யில் முடிகிறது. அதற்கும் ஆர் மட்டும் சேர்த்தால் போதும், மூன்று ஈ எழுதிவிடக் கூடாது.

எழுத்தை இரட்டிப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். விதி இது: சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் மெய், ஒற்றை உயிர், ஒற்றை மெய் என்ற வரிசையில் இருந்தால் கடைசி மெய்யெழுத்து இரட்டிக்கும். ‘பிக்’ என்பதில் ஜி இரட்டித்து ‘பிக்கர்’. ‘ஹாட்’ என்பதில் டி, ‘தின்’ என்பதில் என், ‘சாட்’ என்பதில் டி. இது ஏன் என்று புரிந்துகொண்டால் மறக்காது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒற்றை உயிர், ஒற்றை மெய், அதன் பின் ஈ என்று வந்தால் முன்னால் உள்ள உயிரை நீட்டி வாசிப்பது வழக்கம். ‘ஹாட்டர்’ என்பதில் ஒரு டி மட்டும் எழுதினால் வாசிப்பவர் ‘ஹோட்டர்’ என்று வாசிப்பார். மெய்யை இரட்டிப்பது அந்தக் குறில் ஒலியைக் காப்பாற்றத்தான். ‘சீப்’, ‘டீப்’, ‘கூல்’ ஆகியவற்றில் இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஏற்கெனவே நெடில் ஒலியைக் காட்டிவிட்டன. காப்பாற்ற ஒன்றும் இல்லை, எனவே இரட்டிக்காது. ‘கோல்ட்’, ‘ரிச்’, ‘தின்’ என்ற மூன்றையும் வரிசையாக எழுதிப் பாருங்கள்: முதல் இரண்டிலும் கடைசியில் இரண்டு மெய்யெழுத்துகள், இரட்டிப்பு இல்லை, மூன்றாவதில் ஒன்றுதான், இரட்டிக்கும். டபிள்யூ, எக்ஸ், ஒய் என்ற மூன்று எழுத்துகள் எப்போதும் இரட்டிக்காது. ‘ஸ்லோ’, ‘நியூ’, ‘க்ரே’ ஆகியவற்றின் கடைசியில் டபிள்யூவும் ஒய்யும் உயிரொலியின் பகுதியாகவே இருக்கின்றன. எக்ஸ் ஒரே எழுத்தில் இரண்டு மெய்யொலிகளை வைத்திருக்கிறது.

ஒய்-யில் முடியும் சொல்லுக்கு அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். மெய்யானால் ஒய் மாறி ஐ ஆகும்: ‘ட்ரை’ என்பது ‘ட்ரையர்’ ஆகும்போது ஐ. உயிரானால் மாறாது: ‘க்ரே’ அப்படியே ஒய்-யோடு நிற்கும். ‘ஷை’ மட்டும் பெரும்பாலும் ஒய்-யை விடாமல் ‘ஷையர்’ என்று எழுதப்படுகிறது.

உச்சரிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. ‘லாங்’, ‘ஸ்ட்ராங்’, ‘யங்’ மூன்றும் தனியாக வரும்போது ங் ஒலியோடு முடிகின்றன. கடைசியில் க் கேட்காது. ஈ-ஆர் சேர்ந்ததும் க ஒலி வெளியே வரும்: ‘லாங்கர்’, ‘ஸ்ட்ராங்கர்’, ‘யங்கர்’. ‘பாடுபவர்’ என்ற பொருளில் வரும் ‘சிங்கர்’ என்ற சொல்லில் எழுத்து அதேபோல் இருந்தாலும் ஆங்கிலேயர் வாயில் அந்தக் க பொதுவாக ஒலிப்பதில்லை. நாம் தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி சொல்கிறோம்; ஒப்பீட்டு வடிவத்தில் நாம் சொல்வதுதான் சரி என்பதால் இங்கே நமக்குச் சிரமம் இல்லை.

ஓர் அசையாக இருந்தும் ஈ-ஆர் ஏற்காத சொற்கள் சில உண்டு. ‘ரைட்’, ‘ராங்’, ‘ரியல்’, ‘ஃபன்’ ஆகியவற்றுக்கு ‘மோர்’. வினையிலிருந்து பிறந்த பெயரடைகளுக்கும் அப்படியே: ‘மோர் போர்ட்’, ‘மோர் லாஸ்ட்’, ‘மோர் டயர்ட்’. அசை எத்தனை என்று இவற்றில் பார்க்க வேண்டியதில்லை.

மூன்று அசையும் அதற்கு மேலும் என்றால் ‘மோர்’, ‘மோஸ்ட்’. ‘மோர் பியூட்டிஃபுல்’, ‘த மோஸ்ட் இம்பார்ட்டன்ட்’. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அதுவும் காரணத்தோடு வருகிறது. ‘ஹாப்பி’, ‘டைடி’ போன்ற ஈரசைச் சொற்களுக்கு முன்னால் எதிர்மறை ‘அன்’ சேர்ந்து மூன்று அசையானால் பழைய பழக்கம் தொடரும்: ‘அன்ஹாப்பியர்’, ‘அன்டைடியஸ்ட்’.

நடுவில் கிடக்கும் இரண்டு அசைச் சொற்கள்தான் உண்மையான சிக்கல். இங்கே கடைசி அசையைப் பாருங்கள்.

ஒய்-யில் முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஈ-ஆர்: ‘ஹாப்பியர்’, ‘ஈஸியர்’, ‘ஹெவியர்’, ‘பிஸியர்’, ‘அர்லியர்’. எழுத்தில் ஒய் ஐ ஆகும். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லோன்லி’ இரண்டும் எல்-ஒய்-யில் முடிந்தாலும் பெயரடைகள்தான். ‘ஃப்ரெண்ட்லியர்’ என்பது சரியான வடிவம். ஆனால் வினையடையாக வரும் எல்-ஒய் சொற்களுக்கு இது பொருந்தாது. ‘க்விக்லி’ என்பதற்கு ‘மோர் க்விக்லி’தான். ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘சூன்’ போல எல்-ஒய் இல்லாத வினையடைகள் ஈ-ஆர் எடுக்கும்.

எல்-ஈ, ஓ-டபிள்யூ, ஈ-ஆர் என்று முடியும் ஈரசைச் சொற்களும் பெரும்பாலும் ஈ-ஆர் பக்கம்: ‘சிம்பிள், சிம்ப்ளர்’, ‘ஜென்டில், ஜென்ட்லர்’, ‘நேரோ, நேரோவர்’, ‘க்ளெவர், க்ளெவரர்’. ‘சிம்ப்ளர்’ என்பதில் அசை கூடுவதில்லை என்பதைக் கேட்டுப் பாருங்கள். ‘சிம்பிளர்’ என்று மூன்று அசையாக இழுக்க வேண்டியதில்லை. ‘க்வயட்’ என்ற சொல்லும் ‘க்வயட்டர்’ ஆகும்.

மற்றப் பின்னொட்டுகள் சேர்த்து உருவான சொற்கள் பல ‘மோர்’ பக்கம். ‘கேர்ஃபுல்’, ‘யூஸ்லெஸ்’, ‘ஃபேமஸ்’, ‘போரிங்’, ‘ஆக்டிவ்’, ‘ஃபூலிஷ்’ என எஃப்-யூ-எல், எல்-ஈ-எஸ்-எஸ், ஓ-யூ-எஸ், ஐ-என்-ஜி, ஐ-வி-ஈ, ஐ-எஸ்-எச் இவற்றில் முடிந்தால் ஈ-ஆர் பக்கமே போகாதீர்கள். ‘அஃப்ரைட்’, ‘அலைவ்’, ‘அவேர்’ போல ‘அ’ ஒலியில் தொடங்கும் சொற்களுக்கும் ‘மோர்’.

‘பொலைட்’, ‘காமன்’, ‘ஸ்டுபிட்’, ‘ஹேண்ட்ஸம்’, ‘ப்ளெசன்ட்’ போன்றவை இரண்டு விதமாகவும் வழங்குகின்றன. ‘பொலைட்டர்’ என்றும் எழுதலாம், ‘மோர் பொலைட்’ என்றும் எழுதலாம். இங்கே என் பரிந்துரை வெளிப்படையானது: ஒய்-யில் முடியும் ஈரசைச் சொல்லுக்கு ஈ-ஆர், மற்ற ஈரசைச் சொற்களில் சந்தேகம் வந்தால் ‘மோர்’. ‘மோர் சிம்பிள்’, ‘மோர் க்ளெவர்’ என்று எழுதினாலும் யாரும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ‘கேர்ஃபுலர்’, ‘ஃபேமஸர்’ என்று எழுதினால் எவரும் பார்த்தவுடன் தவறு என்பார்கள். சந்தேகத்தில் ‘மோர்’ பாதுகாப்பானது என்பது இந்த ஈரசைச் சொற்களுக்கு மட்டும். ‘மோர் பிக்’, ‘மோர் கோல்ட்’ என்று ஓரசைச் சொல்லில் அதைக் கொண்டுபோய் வைத்தால் அதுவே பிழை.

இந்த இரட்டை வழி எப்படி வந்தது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் விகுதி ஒன்றுதான் வழி. ‘மோர்’, ‘மோஸ்ட்’ இடைக்கால ஆங்கிலத்தில் பரவின. பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் நீண்ட சொற்கள் வந்து குவிந்தபோது அவற்றின் வாலில் இன்னும் ஓர் அசையைக் கட்டுவதைவிட முன்னால் ஒரு சொல்லை வைப்பது எளிதாக இருந்தது. அதனால்தான் மண்ணில் பிறந்த குட்டிச் சொற்கள் விகுதியோடும், நீண்ட சொற்கள் ‘மோர்’ உடனும் நிற்கின்றன. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இரண்டையும் ஒன்றாகப் போடுவதும் நல்ல எழுத்தில் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதை ஒதுக்கினார்கள். இன்று ‘மோர் பெட்டர்’, ‘மோர் ஈஸியர்’, ‘மோஸ்ட் பிக்கஸ்ட்’ எல்லாம் சுத்தமான பிழை. தமிழில் ‘இன்னும் சிறந்தது’ என்று சொல்கிற பழக்கம் ‘மோர் பெட்டர்’ என்று இழுத்துச் செல்லும். அங்கே ‘ஈவன் பெட்டர்’ என்று சொல்ல வேண்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டியவை இவை: ‘குட், பெட்டர், பெஸ்ட்’, ‘பேட், வர்ஸ், வர்ஸ்ட்’, ‘லிட்டில், லெஸ், லீஸ்ட்’, ‘மச்’, ‘மெனி’ இரண்டுக்கும் ‘மோர், மோஸ்ட்’. ‘வெல்’ என்பதற்கும் ‘பெட்டர்’, உடல்நலமில்லாத ‘இல்’ என்பதற்கும் ‘வர்ஸ்’. ‘குட்’டும் ‘பெட்டரு’ம் ஏன் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து வந்தவை.

இரண்டு வடிவம் உள்ள சொற்களில் கவனம் தேவை. ‘ஃபார்’ என்பதற்கு ‘ஃபார்தர்’, ‘ஃபர்தர்’ இரண்டும் தூரத்துக்குப் பயன்படும்; ‘கூடுதலான’ என்ற பொருளில் ‘ஃபர்தர்’ மட்டும், ‘ஃபர்தர் இன்ஃபர்மேஷன்’ என்பது போல. ‘லேட்’ என்பதற்கு நேரத்தில் ‘லேட்டர், லேட்டஸ்ட்’, வரிசையில் ‘லாட்டர், லாஸ்ட்’. ஓர் எழுத்தாளரின் ‘லேட்டஸ்ட் புக்’ என்றால் இதுவரை வந்ததில் புதியது, அடுத்தது வரக்கூடும்; ‘லாஸ்ட் புக்’ என்றால் அத்தோடு முடிந்தது என்று படும். உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவரைப் பற்றி இரண்டாவதை எழுதிவிடாதீர்கள். ‘நியர்’ என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் தானே ஓர் ஒப்பீட்டு வடிவம், ‘நெக்ஸ்ட்’ அதன் உச்ச வடிவம்; அது மறந்துபோன பிறகு ‘நியர்’ சாதாரணப் பெயரடையாகி, ‘நியரர், நியரஸ்ட்’ புதிதாகப் பிறந்தன.

‘எல்டர்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்துவது இதைத்தான். ‘எல்டர்’, ‘எல்டஸ்ட்’ பெரும்பாலும் குடும்பத்துக்குள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: ‘மை எல்டர் ப்ரதர்’. அதன் பின் ‘தேன்’ வராது. ‘ஹி இஸ் எல்டர் தேன் மீ’ தவறு, ‘ஹி இஸ் ஓல்டர் தேன் மீ’ சரி. ‘ஓல்டர்’ ஆளுக்கும் பொருளுக்கும் கட்டடத்துக்கும் எல்லாவற்றுக்கும் வரும்; சந்தேகம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ நான்கும் லத்தீனிலிருந்து வரும்போதே ஒப்பீட்டு வடிவங்களாக வந்தவை. அவற்றுக்குப் பின் ‘டு’ வரும், ‘தேன்’ வராது. முன்னால் ‘மோர்’ போடவும் வேண்டாம். ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் ‘டு’தான்.

கூட்டுச் சொற்களில் முதல் பகுதியை மாற்ற முடிந்தால் அதை மாற்றுங்கள். ‘குட்-லுக்கிங்’ என்பது ‘பெட்டர்-லுக்கிங்’ ஆகும், ‘வெல்-நோன்’ என்பது ‘பெட்டர்-நோன்’, ‘பெஸ்ட்-நோன்’ ஆகும்.

வடிவம் இவ்வளவுதான். இனி வாக்கியம்.

‘தேன்’ என்பதை ஏ எழுத்தோடு எழுத வேண்டும். ஈ எழுத்தோடு எழுதினால் அது ‘பிறகு’ என்று பொருள்படும் ‘தென்’. பேச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்பதால் எழுதும்போது மாறிவிடுகிறது.

ஒப்பிடுவது எதை எதோடு என்பதைச் சரியாகப் பாருங்கள். ஜூபிடரின் விட்டத்தைச் சாட்டர்னின் விட்டத்தோடு ஒப்பிட நினைத்து, ‘த டயமீட்டர் ஆஃப் ஜூபிடர் இஸ் க்ரேட்டர் தேன் சாட்டர்ன்’ என்று எழுதினால் ஒரு விட்டத்தை ஒரு கோளோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘தேன் தட் ஆஃப் சாட்டர்ன்’ என்று எழுத வேண்டும். பன்மையானால் ‘தேன் தோஸ் ஆஃப்’. தமிழிலும் பேச்சில் ‘ஜூபிடரின் விட்டம் சாட்டர்னைவிடப் பெரியது’ என்று சொல்லிவிடுகிறோம், கேட்பவர் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் அறிவியல் கட்டுரையோ தேர்வு விடையோ எழுதும்போது அது பிழையாகக் கணக்கிடப்படும்.

அடுத்தது ‘அதர்’. ‘ஜூபிடர் இஸ் லார்ஜர் தேன் எனி ப்ளானட் இன் த சோலார் சிஸ்டம்’ என்றால் என்ன ஆகிறது? ஜூபிடரும் ஒரு கோள், எனவே அது தன்னைவிடவும் பெரியது என்றாகிவிடுகிறது. ‘எனி அதர் ப்ளானட்’ என்று எழுத வேண்டும். சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள்: அது கோள் இல்லை, அந்தக் கூட்டத்தில் சேராது. எனவே ‘த சன் இஸ் லார்ஜர் தேன் எனி ப்ளானட்’ என்பதுதான் சரி, இங்கே ‘அதர்’ போட்டால் சூரியனைக் கோள் ஆக்கிவிடுவோம். ஒப்பிடப்படுவது அந்தக் கூட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டால் போதும்.

உச்ச வடிவத்துக்குப் பின் ‘இன்’ வருமா ‘ஆஃப்’ வருமா என்பதும் நமக்குச் சறுக்கும் இடம். ‘சூரியக் குடும்பத்தில்’, ‘எட்டுக் கோள்களில்’ என்று இரண்டுக்கும் நாம் ‘இல்’ போட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் இடம், குழு என்று ஒற்றையாக நிற்கும் பெயருக்கு ‘இன்’: ‘த லார்ஜஸ்ட் ப்ளானட் இன் த சோலார் சிஸ்டம்’. பலவற்றின் எண்ணிக்கைக்கு ‘ஆஃப்’: ‘த லார்ஜஸ்ட் ஆஃப் த எய்ட் ப்ளானட்ஸ்’.

உச்ச வடிவத்துக்கு முன் ‘த’ வேண்டும். ‘மை’, ‘ஹிஸ்’ போன்றவை வந்தால் ‘த’ போய்விடும்: ‘மை பெஸ்ட் ஃப்ரெண்ட்’. ஒரே பொருளின் வெவ்வேறு நிலைகளை ஒப்பிடும்போதும் ‘த’ வேண்டாம். மரியானா அகழியில்தான் பசிபிக் மிக ஆழம் என்றால் ‘த பசிபிக் இஸ் டீப்பஸ்ட் அட் த மரியானா ட்ரெஞ்ச்’. இங்கே பசிபிக்கை வேறு கடலோடு ஒப்பிடவில்லை, அதன் ஓரிடத்தை மற்ற இடங்களோடு ஒப்பிடுகிறோம்.

இரண்டே இருந்தால் உச்ச வடிவம் வேண்டாம், ஒப்பீட்டு வடிவமே போதும். ஆனால் அதற்கு ‘த’ சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கு ஃபோபோஸ், டீமோஸ் என்று இரண்டு நிலவுகள். ஃபோபோஸ் பெரியது. ‘ஃபோபோஸ் இஸ் த லார்ஜர் ஆஃப் த டூ’. பேச்சில் ‘லார்ஜஸ்ட்’ என்று சொல்பவர்கள் நிறைய உண்டு. எழுத்தில் ‘லார்ஜர்’ நல்லது.

‘ஒன் ஆஃப் த’ என்று தொடங்கினால் பெயர்ச்சொல் பன்மையில் வர வேண்டும். ‘சிறந்த மாணவர்களில் ஒருவர்’ என்று தமிழிலும் பன்மைதான் சொல்கிறோம். ஆனாலும் ஆங்கிலத்தில் ‘ஒன்’ என்று பார்த்தவுடன் கை தானாக ஒருமைக்குப் போகிறது. ‘ஒன் ஆஃப் த பெஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்’ என்று எழுதுங்கள்; அந்த ‘ஒன்’ எழுவாயாக நின்றால் அதன் வினை ‘இஸ்’.

தேர்வில் ஒரே கருத்தை மூன்று நிலைகளிலும் மாற்றி எழுதச் சொல்வார்கள். அதற்கு இரண்டு அச்சுகள் போதும். ஒன்றுதான் முதலிடம் என்றால்: ‘ஜூபிடர் இஸ் த லார்ஜஸ்ட் ப்ளானட் இன் த சோலார் சிஸ்டம்’, ‘ஜூபிடர் இஸ் லார்ஜர் தேன் எனி அதர் ப்ளானட் இன் த சோலார் சிஸ்டம்’, ‘நோ அதர் ப்ளானட் இன் த சோலார் சிஸ்டம் இஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ் ஜூபிடர்’. முதன்மையானவற்றில் ஒன்று என்றால்: ‘சாட்டர்ன் இஸ் ஒன் ஆஃப் த லார்ஜஸ்ட் ப்ளானட்ஸ்’; ‘சாட்டர்ன் இஸ் லார்ஜர் தேன் மோஸ்ட் அதர் ப்ளானட்ஸ்’; ‘வெரி ஃப்யூ ப்ளானட்ஸ் ஆர் ஆஸ் லார்ஜ் ஆஸ் சாட்டர்ன்’. ‘ஆஸ்… ஆஸ்’ நடுவில் எப்போதும் மாறாத மூல வடிவம். ‘ஆஸ் லார்ஜர் ஆஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

ஒப்பீட்டு வடிவத்துக்கு முன் ‘ரொம்ப’ என்று அழுத்தம் கொடுக்க ‘வெரி’ வராது. ‘வெரி ஹாட்’ சரி, ‘வெரி ஹாட்டர்’ தவறு. ‘மச்’, ‘ஃபார்’, ‘எ லாட்’ இவற்றில் ஒன்றைப் போடுங்கள்: சூரியனுக்கு மிக அருகில் இருப்பது மெர்க்குரி என்றாலும் ‘வீனஸ் இஸ் மச் ஹாட்டர் தேன் மெர்க்குரி’. கொஞ்சம்தான் என்றால் ‘எ லிட்டில்’ அல்லது ‘ஸ்லைட்லி’. உச்ச வடிவத்துக்கு ‘பை ஃபார்’: ‘பை ஃபார் த லார்ஜஸ்ட்’.

மடங்கு சொல்லும்போது ‘ஆஸ்… ஆஸ்’ தெளிவானது. ‘எர்த் இஸ் ஆல்மோஸ்ட் ட்வைஸ் ஆஸ் வைட் ஆஸ் மார்ஸ்’. ‘டூ டைம்ஸ் வைடர்’ என்றால் இரண்டு மடங்கா, இரண்டு மடங்கு கூடுதலா என்று கேள்வி எழும். கணக்கும் அறிவியலும் எழுதுகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

குறைவைச் சொல்ல ‘லெஸ்’ உண்டு, ஆனால் குட்டிச் சொற்களோடு அது ஒட்டாது. ‘லெஸ் எக்ஸ்பென்சிவ்’ நன்றாக இருக்கிறது. ‘லெஸ் பிக்’ இல்லை. அங்கே ‘ஸ்மாலர்’ அல்லது ‘நாட் ஆஸ் பிக் ஆஸ்’. எண்ணக்கூடிய பொருள்கள் குறைவாக இருந்தால் எழுத்தில் ‘ஃப்யூவர்’, எண்ண முடியாததற்கு ‘லெஸ்’: ‘ஃப்யூவர் மூன்ஸ்’, ‘லெஸ் லைட்’.

‘தேன்’ என்பதற்குப் பின் ‘ஐ’யா ‘மீ’யா என்ற சண்டை பழையது. பேச்சில் ‘தேன் மீ’ எல்லோரும் ஏற்பது. கட்டுரையில் ‘தேன் ஐ ஆம்’, ‘தேன் ஐ டு’ என்று வினையையும் சேர்த்து எழுதினால் இரு தரப்புக்கும் சரியாக இருக்கும், குழப்பமும் வராது. ‘ஷி லைக்ஸ் ஹிம் மோர் தேன் மீ’ என்றால் என்னைப் பிடிப்பதைவிட அவனை அதிகம் பிடிக்கும் என்பதா, எனக்கு அவனைப் பிடிப்பதைவிட அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்பதா? இரண்டாவதுதான் நோக்கம் என்றால் ‘தேன் ஐ டு’.

ஓரசைச் சொல்லுக்கும் ‘மோர்’ வந்தே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஒரே ஆளிடம் உள்ள இரண்டு குணங்களை ஒப்பிடும்போது. ‘அவன் கோபமாக இருக்கிறான் என்பதைவிடச் சோகமாக இருக்கிறான் என்பதே சரி’ என்றால் ‘ஹி இஸ் மோர் சாட் தேன் ஆங்ரி’. ‘சாடர் தேன் ஆங்ரி’ என்று வராது.

படிப்படியாக ஏறுவதைச் சொல்ல ஈ-ஆர் வடிவத்தை இரட்டியுங்கள், ‘ஹாட்டர் அண்ட் ஹாட்டர்’. நீண்ட சொல்லில் ‘மோர்’ மட்டும் இரட்டிக்கும், ‘மோர் அண்ட் மோர் டிஃபிகல்ட்’. ‘எவ்வளவுக்கு எவ்வளவு… அவ்வளவுக்கு அவ்வளவு’ என்பதற்கு இரு பக்கமும் ‘த’ வேண்டும்: ‘த ஃபார்தர் எ ப்ளானட் இஸ் ஃப்ரம் த சன், த லாங்கர் இட்ஸ் இயர்’. ஒரு பக்கம் மட்டும் ‘த’ போட்டு விடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

‘யுனீக்’, ‘பெர்ஃபெக்ட்’, ‘டெட்’ போன்ற சொற்களுக்கு ஒப்பீடு கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். ‘டெட்’ விஷயத்தில் அது நியாயம். ‘பெர்ஃபெக்ட்’ விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முகப்புரையிலேயே ‘எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்று இருக்கிறது. ‘யுனீக்’ மட்டும் இன்னும் பலருடைய கண்ணை உறுத்துகிறது, எனவே தேர்விலும் வேலை விண்ணப்பத்திலும் ‘மோர் யுனீக்’, ‘மோஸ்ட் யுனீக்’ இரண்டையும் தவிர்த்து ‘ஆல்மோஸ்ட் யுனீக்’ என்றோ வெறும் ‘யுனீக்’ என்றோ எழுதுங்கள்.